ஆவணியில் கிணற்றைப் பாருங்கள்: யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் குடியிருக்கலாம்?

கட்டாரில் பதினொரு வருடம் உழைத்துவிட்டு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பும் என் ஒன்றுவிட்ட தம்பி போன மாதம் தொலைபேசியில் கேட்டான்: "அண்ணா, நல்லூரில் ஒரு வீடு வாடகைக்கு வருகிறது. கோண்டாவிலிலும் ஒன்று இருக்கிறது. வேலணையில் மாமியின் வீடு பூட்டியபடி கிடக்கிறது. எதை எடுக்கட்டும்?" வாடகை, இணைய வேகம், பாடசாலை என்று எல்லாம் விசாரித்தான். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் இருந்தது அல் கோர் என்ற சிறிய பாலைவன நகரம். அங்கே ஆறும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி மழையும் இல்லை. ஆனாலும் குழாயைத் திறந்தால் நடுக்கோடையிலும் தண்ணீர் வரும். கடல்நீரைக் குடிநீராக்கி வீட்டுக்கு வீடு அனுப்புகிறார்கள். இங்கே வேலியெல்லாம் பச்சை, வளவுக்கு வளவு கிணறு. பார்ப்பவனுக்குத் தண்ணீர்க் கவலை தோன்றாது. இடமாற்றத்தில் வரும் ஆசிரியர்களும், பல்கலைக்கழகத்தை நம்பி வரும் குடும்பங்களும், கடைசிக் காலத்தை ஊரில் கழிக்க வரும் பெற்றோரும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தம்பிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் தண்ணீர். அதுவும் ஆவணி மாதத்துத் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. இருக்கிற வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். பெய்த மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புநீரின் மேல் ஓர் ஆடைபோல மிதக்கிறது. நாம் குடிப்பது அந்த ஆடையைத்தான். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது இதனால்தான். மோட்டர் போட்டு அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும்.

மற்றவை: இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும், பிள்ளைகளுக்கு எந்தப் பாடசாலை கிடைக்கும், சந்தை எவ்வளவு தூரம், கடைசி பஸ் எப்போது. வாடகையைக் கடைசியில் வைக்கிறேன். குறைந்த வாடகை வீடு பல இடங்களில் தண்ணீர்ச் செலவாகவும் பெற்றோல் செலவாகவும் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிவிடும்.

## நகரமும் நல்லூரும்

வசதி என்று பார்த்தால் நகரத்துக்கு நிகர் இல்லை. வட மாகாணத்தின் ஒரே போதனா வைத்தியசாலை இங்கேதான். பஸ் நிலையம், ரயில் நிலையம், பெரிய கடை, கஸ்தூரியார் வீதி எல்லாம் சைக்கிள் தூரத்தில். மோட்டார் சைக்கிள்கூட இல்லாமல் முதியவர்கள் காலம் தள்ளக்கூடிய ஒரே இடம் இதுதான்.

பாடசாலைகளும் அப்படியே: யாழ் இந்து, வேம்படி, சென் ஜோன்ஸ், சென் பற்றிக்ஸ், மத்திய கல்லூரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதலாம் தரத்தில் சேர்க்க வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பிரிவில் புள்ளி கிடைப்பதற்குப் பல வருட வாக்காளர் பதிவும் வதிவிட ஆவணங்களும் வேண்டும். இந்த வருடம் பாடசாலை மதிலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு வந்துவிட்டு அடுத்த வருடம் இடம் கேட்டால் கிடைப்பது கடினம். அந்த நம்பிக்கையில் இரட்டிப்பு வாடகை கொடுக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

இனித் தண்ணீர். நகரத்தின் கடற்கரைப் பக்கமான குருநகர், பாசையூர், நாவாந்துறைக் கிணறுகள் உவர். அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி; தெரிந்ததால் ஆபத்தும் குறைவு. ஏமாற்றுவது இடைப்பட்ட பகுதிகள்தான். நான் திருமணமான புதிதில் அரியாலைப் பக்கம், கடல்நீரேரியை நோக்கிப் போகும் ஓர் ஒழுங்கையில் வீடு எடுத்தேன். பார்க்கப் போனது தை மாதம். கிணறு கைக்கெட்டும் உயரத்துக்கு நிரம்பியிருந்தது. வீட்டுக்காரர் ஒரு செம்பு அள்ளித் தந்தார், இனித்தது. கூட வந்த பெரியம்மா மட்டும் அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி நாக்கில் வைத்து, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "ஆவணியில் எப்படி?" என்று கேட்டார். வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

ஆனியில் தேநீரில் ஒரு மெல்லிய கரிப்புத் தெரிந்தது. ஆவணியில் சவர்க்காரம் நுரைக்கவில்லை; தலையில் வைத்த சீயாக்காய் பிசினாகியது. கேத்தலின் அடியில் முட்டைக்கோது கனத்துக்கு வெள்ளைப் படலம். புரட்டாதி முழுக்க இருபது லீற்றர்க் கானைச் சைக்கிள் கரியரில் கட்டி, கோயிலடிக் குழாயிலிருந்து தண்ணீர் ஏற்றினேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மனைவி அப்போது கர்ப்பிணி. பெரியம்மாவின் கேள்விக்கு அன்றைக்கே விடை தேடாததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

குழாய்த் தண்ணீர் இருக்கிறதே என்பீர்கள். நகரத்தின் பழைய குழாய்த் தண்ணீரே கோண்டாவில், திருநெல்வேலிக் கிணறுகளிலிருந்து வந்ததுதான். இரணைமடுக் குளத்திலிருந்து கொண்டுவர ஒரு திட்டம் இருந்தது. அந்தக் குளத்தை நம்பி நெல் விதைக்கும் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களது எதிர்ப்பில் நியாயம் இருந்தது. பிறகு வடமராட்சி கிழக்குக் கரையிலுள்ள தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. அல் கோரில் தம்பி குடித்த மாதிரியான தண்ணீர் இப்போது இங்கேயும் உண்டு. ஆகவே நகரத்தில் வீடு பார்த்தால் "குழாய் இருக்கிறதா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, மானி ஓடுகிறதா, ஒரு நாளில் எந்த நேரம் வருகிறது, மேல்தாங்கி எத்தனை லீற்றர் என்று கேளுங்கள். கடைசி மூன்று மாதப் பட்டியலை வாங்கிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

நகரத்தின் மறைந்த செலவு வெள்ளம். குளங்களைத் தூர்த்தும் வாய்க்கால்களை மறித்தும் கட்டிய பகுதிகளில் கார்த்திகை மழை வீட்டுக்குள் வரும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழையின்போது முழங்கால் தண்ணீரில் அடுப்பைக் கட்டிலின் மேல் ஏற்றிய வீடுகள் உண்டு. சுவரில் தரைக்கு ஓரடி, இரண்டடி மேலே மங்கிய கோடு தெரிகிறதா என்று பாருங்கள். புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தால் கதவு நிலையின் அடிமரத்தைப் பாருங்கள். வெள்ளம் வடிந்த பிறகு டெங்கு வரும். நல்லூரில் இன்னொன்று: கந்தசுவாமி கோயில் திருவிழாவின் 25 நாளும் சுற்றுவீதிகள் மூடப்படும். அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. விடியக்காலை மணியோசையில் எழும்புகிற அந்த நாட்களுக்காகவே அங்கே குடியிருக்கலாம். ஆனால் வாகனத்தில் அழைத்துப்போக வேண்டிய நோயாளி வீட்டில் இருந்தால் மாற்றுப் பாதையை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

## செம்மண் ஊர்கள்: திருநெல்வேலி, கோண்டாவில், இணுவில், சுன்னாகம்

எனக்கு விருப்பமான பக்கம் இது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நகரத்துக்கு மூன்று முதல் பத்துக் கிலோமீற்றர். காங்கேசன்துறை வீதியில் பஸ்ஸுக்கு அதிகம் காத்து நிற்க வேண்டியதில்லை. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் எல்லாவற்றிலும் ரயில் நிற்கும் இடங்கள் உண்டு. பல்கலைக்கழகம் திருநெல்வேலியில். திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகம் சந்தையிலும் அன்று பிடுங்கிய கீரையை அன்றே வாங்கலாம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை வடக்குப் பக்கத்தில். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இந்த மாகாணத்தவர்கள் அங்கேதான் போகிறார்கள்.

ஆவணியிலும் கிணறு உவர்க்காது என்பதுதான் இந்த ஊர்களின் பெரிய சொத்து. கடலிலிருந்து தள்ளி, நன்னீர் ஆடை தடிப்பாக இருக்கும் நடுப்பகுதி இது. சுண்ணாம்பு இருக்கும், கேத்தல் வெளுக்கும், ஆனால் குடிக்கலாம்.

'குடிக்கலாம்' என்று எழுதிய பிறகு ஒரு கணம் தயங்கினேன். நாக்குக்குத் தெரியாத குறை ஒன்று இங்கே உண்டு: நைத்திரேற்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் தலைமுறை தலைமுறையாகப் போட்ட உரமும், நெருக்கமான மலசலகூடக் குழிகளும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குள் இறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இந்த ஊர்கள் அடங்கிய வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளில் அதைத் தாண்டிய கிணறுகள் பல தடவை கண்டறியப்பட்டிருக்கின்றன. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இது ஆபத்து. கொதிக்கவைத்தால் போகாது, நீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடத்தான் செய்யும். சாதாரண மெழுகுதிரி வடிகட்டியாலும் பயனில்லை. சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை 2014, 2015 ஆண்டுகளில் எவ்வளவு பெரிதாக வெடித்தது என்பதும் நினைவிருக்கும். ஆகவே இந்தப் பக்கம் வீடு எடுப்பவர்கள் ஒரு போத்தல் தண்ணீரை நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள். கட்டணம் ஒரு மாத வாடகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வீடு பார்க்கும்போது கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் எத்தனை அடி என்று நடந்து அளந்து பாருங்கள். உங்கள் குழியை மட்டும் அளந்தால் போதாது; வேலிக்கு அந்தப் பக்கத்தவரின் குழி உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட என்பதும் முக்கியம். 50 அடி என்பது வழக்கமான கணக்கு. கல் வெடித்த நிலத்தில் அதற்கு மேலும் இருந்தால் நல்லது.

வாங்குவதாக இருந்தால் காணி உறுதியை வாசியுங்கள். "கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்ற வரி இருந்தால் அது பங்குக் கிணறு. இணுவிலில் நான் பார்த்த ஒன்றில் மதில் வந்து கிணற்றுக் கட்டின் நடுவில் முட்டி நின்றது. இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி. இரு வீட்டுப் பெண்களும் தண்ணீருக்கு மேலாகவே கதை பேசினார்கள், கறி கைமாறியது. நல்ல அயல் வாய்த்தால் இது பாக்கியம். ஒரு பக்கத்தவர் தோட்டத்துக்குப் பெரிய மோட்டர் பூட்டினால் வழக்கு. யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்கச் சட்டமான தேசவழமைப்படி பங்குக் காணி விற்கப்படும்போது மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. மணமான பெண்ணின் காணியானால் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். உறுதி எழுதும் நொத்தாரிசிடம் இந்த இரண்டையும் கேட்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

## தென்மராட்சியும் வடமராட்சியும்

தென்மராட்சியின் முக்கிய ஊரான சாவகச்சேரி, யாழ் நகரத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர், கண்டிக்குப் போகும் ஏ9 வீதியில். ஆதார வைத்தியசாலை, ரயில் நிலையம், பலாப்பழமும் மாம்பழமும் குவியும் சந்தை எல்லாம் உண்டு. கொழும்புக்கு அடிக்கடி போய்வருபவருக்கு இதைவிட வசதியான இடம் குடாநாட்டில் இல்லை. பெரிய வளவும் தென்னை நிழலும் நகர வாடகையைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும். நாவற்குழி, கைதடியில் நீரேரிக் கரையை அண்டிய வீடுகள் என்றால் உவர் இருக்கும். கரையிலிருந்து தள்ளி உள்ளே பாருங்கள்.

வடமராட்சியில் நெல்லியடியும் பருத்தித்துறையும் தம் காலில் நிற்கும் ஊர்கள். சந்தை, மந்திகை ஆதார வைத்தியசாலை, 1838இல் தொடங்கிய ஹாட்லிக் கல்லூரி முதலாக நல்ல பாடசாலைகள் எல்லாம் உண்டு. வேலை யாழ் நகரத்தில் என்றால்தான் சிக்கல்: பருத்தித்துறையிலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல், ரயில் இல்லை, 750ஆம் இலக்க பஸ்ஸில் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். சொந்த பந்தம் அங்கே இருப்பவர்கள் யோசிக்காமல் போகலாம். மற்றவர்களை நான் அனுப்ப மாட்டேன்.

## தீவகம்: வேலணை, புங்குடுதீவு, காரைநகர்

பூட்டிய வீடுகள் இங்கேதான் அதிகம். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் "வாடகை வேண்டாம், விளக்கேற்றிக்கொண்டு இருந்தால் போதும்" என்பார். நகரத்திலிருந்து வேலணைக்குப் போகும் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இருபக்கமும் கடல், சோளகக் காற்று, தூரத்தில் பனைகள். அந்தக் காட்சியில் மயங்காதவர் இல்லை. நானும் மயங்கியிருக்கிறேன்.

சாட்டிப் பக்கம் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு. மற்றப் பல இடங்களில் குளிக்க உவர்நீர், குடிக்கப் பவுசர் (தாங்கி லொறி) தண்ணீர். பவுசர் வரும் நாளில் வீட்டில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். உவர்நீரில் குழாய்த் திருகிகளும் மோட்டரும் சீக்கிரம் அரித்துவிடும். வீடு திருத்தப் புறப்பட்டால் மறைந்த செலவு இன்னும் கூடும்: மண்ணும் கல்லும் பாலம் கடந்து வர வேண்டும், கொங்கிறீற் குழைக்க நல்ல தண்ணீரும் பவுசரில் வர வேண்டும். உவர்நீரில் குழைத்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து, சில வருடங்களில் தட்டு வெடித்து உதிரும். அப்படி உதிர்ந்த ஒரு முகட்டின் கீழ் தொட்டில் கட்டியிருந்ததை வேலணையில் கண்டேன். சொல்லிக் கழற்ற வைத்தேன்.

தீர்வு கூரையில் இருக்கிறது. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறக்குறைய 93 லீற்றர். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 30 லீற்றர் என்று வைத்தால் ஆறு மாதக் கோடைக்கு 5,400 லீற்றர். சிந்துவது, முதல் மழையில் கூரை கழுவிக் கொட்டுவது எல்லாம் போனாலும் ஒரு மாரியில் இதைப் போலப் பல மடங்கு கிடைக்கும். 6,000 லீற்றர்த் தாங்கி ஒன்றும் ஒழுங்கான பீலியும் போட்டுவிட்டால் குடிதண்ணீருக்கு யாரையும் பார்த்து நிற்க வேண்டாம். தாங்கியை இறுக்கமாக மூடுங்கள். இல்லையென்றால் நுளம்பு வளர்ப்பீர்கள்.

வேலணை, புங்குடுதீவில் இரவு நோய் என்றால் ஊர்காவற்றுறை வைத்தியசாலை. அதற்கு மேல் பண்ணைப் பாலத்தைக் கடந்து நகரம்; காரைநகர் என்றால் பொன்னாலைப் பாலம் வழியே வர வேண்டும். பஸ்கள் மாலையோடு குறைந்துவிடும். நயினாதீவையும் நெடுந்தீவையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. குறிகாட்டுவானில் படகு ஏற வேண்டும். காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் அன்றைய பயணம் அவ்வளவுதான். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வாழ்க்கை, புதிதாக வருபவர்களுக்குச் சோதனை.

## ஒரே பார்வையில்

| | ஆவணித் தண்ணீர் | இரவில் வைத்தியசாலை | பாடசாலை | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| நகரம், நல்லூர் | கரையோரம் உவர்; குழாய் உண்டா பாருங்கள் | நிமிடங்களில் | நிறைய; சேர்ப்பது கடினம் | வெள்ளம், கூடிய வாடகை |
| செம்மண் ஊர்கள் | சுவை நல்லது. பரிசோதனை அவசியம் | அரை மணிக்குள் | நல்லவை, கிட்ட | வடிகட்டி, கிணற்றுப் பங்கு |
| தென்மராட்சி | உள்ளே நல்லது, கரையில் உவர் | உள்ளூரில் உண்டு | போதுமானவை | நகரப் பயணம் |
| வடமராட்சி | இடத்துக்கு இடம் மாறும் | உள்ளூரில் உண்டு | மிக நல்லவை | நீண்ட பயணம் |
| தீவகம் | பெரும்பாலும் உவர் | பாலம் கடக்க வேண்டும் | குறைவு | பவுசர், துரு, திருத்தவேலை |

## யாருக்கு எது

வயதான பெற்றோர் தனியாக இருப்பதானால் நகரம், அதுவும் குழாய்த் தண்ணீர் உறுதியாக வரும் வீடு. கைக்குழந்தை இருந்து, தண்ணீரைப் பரிசோதிக்க வசதிப்படாவிட்டாலும் அதே நகரக் குழாய்தான். பாடசாலைப் பிள்ளைகளும் பல்கலைக்கழக வேலையும் என்றால் திருநெல்வேலி, கோண்டாவில். கொழும்பில் ஒரு கால், இங்கே ஒரு கால் என்றால் சாவகச்சேரி. வீட்டிலிருந்தே வேலை செய்பவர், உடல்நலம் உள்ளவர், மழைநீர்த் தாங்கி கட்டக் கையில் பணம் உள்ளவர் என்றால் வேலணை. அவருக்கு அது குடாநாட்டின் மிக அழகான வீடாக இருக்கும்.

தம்பிக்குக் கோண்டாவில் என்றேன். ஆனால் அவன் வருவது மார்கழியில். எல்லாக் கிணறும் அப்போது இனிக்கும். அப்படி மாரியில் வீடு பார்ப்பவர்களுக்காக நான் அவனுக்குச் சொன்ன அடையாளங்கள் இவை. வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். குசினிக்குள் போனால் கேத்தலைத் திறந்து அடியைப் பாருங்கள். குளியலறைத் திருகியின் கழுத்தில் பச்சையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். கிணற்றடி வாழை இலைகளின் ஓரம் கருகியிருக்கிறதா பாருங்கள். ஒழுங்கையில் நடந்து போகும்போது படலையடிகளில் நீல நிறத் தண்ணீர்க் கான்கள் வரிசையாக இருந்தால், வீட்டுக்குள் போகாமலே திரும்பிவிடுங்கள்.